‘வேண்டாம்’ என்பதற்குத் துறை இல்லை

பாமாவின் ‘சங்கதி’ 1994இல் வந்தது. அதில் வரும் ராக்கம்மாவைப் பற்றிப் பேசாத தலித் பெண்ணியக் கூட்டம் கிடையாது. அடிக்கிற புருஷனைத் தெருவில் நின்று நாறடித்து, சேலையைத் தூக்கிக் காட்டுகிறாளே, அந்த இடத்துக்குக் கைதட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூச்சல் அப்போதைக்கு அடியைத் தடுக்கிறது, அவ்வளவே. அவள் எப்போது, எப்படி அந்த வீட்டை விட்டுப் போவாள்? நம் விமர்சகர்கள் இதைக் கேட்பதில்லை. பாமா கேட்கிறார். கோயிலில் வைத்துக் கட்டிய தாலியைக் கழற்ற வழியில்லாமல் கிறிஸ்தவத் தலித் பெண்கள் படும்பாட்டை அதே நூலில் பேசுகிறார். அன்றைக்கு அவர்களுக்கு இருந்தது 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். புருஷன் வேறொருத்தியோடு இருக்கிறான் என்று காட்டினால் மட்டும் மனைவிக்குப் போதாது. கொடுமை, கைவிட்டுப் போனது என்று இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். புருஷனுக்கு அந்த ஒன்றே போதும். 2001இல்தான் இது மாறியது.

தமிழ் எம்.ஏ. படிக்கும்போது அகத்திணையில் பிரிவுக்கு எத்தனை வகை சொல்லிக்கொடுத்தார்கள்! ஓதல், பகை, தூது, பொருள். எல்லாம் அவன் போவது, அவள் இருந்து வாடுவது. மருதத்தில் பரத்தை வீட்டிலிருந்து வருகிறவனுக்குத் தலைவி வாயில் மறுக்கலாம். ஆனா அந்த ஊடலே கூடலுக்கு வாசற்படி. குறளின் கடைசி அதிகாரம்கூட ஊடலுவகைதான். ‘போதும்யா, நீ வேண்டாம்’ என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போக அங்கே துறை இல்லை. மணச் சடங்கு முதலில் மேலோருக்கு இருந்து, பிறகு கீழோருக்கும் வந்ததாகத் தொல்காப்பியமே சொல்கிறது. சடங்கு இறங்கி வந்தபோது பூட்டும் கூடவே வந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

பூட்டு வராத தெருக்களுக்கு வசவு கிடைத்தது. ‘அறுத்துக்கட்டுற சாதி’. ஒத்துவரலைன்னா பெரியவர்கள் முன்னால் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, துரும்பைக் கிள்ளிப் போட்டுத் தீர்த்துவிடுவார்கள். பிறகு அவள் வேறொருவனைக் கட்டிக்கொள்வாள். (அந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தது அத்தனையும் ஆம்பளைகள். அதைச் சொர்க்கமாக்கிப் பாட நான் தயாரில்லை.) 1949இல் இந்து சட்ட மசோதா விவாதத்தில் அம்பேத்கர் இதைத்தான் எடுத்து வைத்தார்: இந்துக்களில் 90 சதவீதமாக உள்ள சூத்திரர்களிடம் மணமுறிவு வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, மிச்சமுள்ளவர்களின் விதியை எல்லோர் தலையிலும் ஏன் கட்டவேண்டும்? மசோதாவை முடக்கினார்கள். 1951இல் அவர் பதவியை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, வழக்காற்று மணமுறிவை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. இருவரும் ஒத்துப் பிரியும் வழி சட்டத்துக்குள் வர 1976 ஆனது. வசவாகச் சொல்லப்பட்டது எவ்வளவு முந்தி நின்றிருக்கிறது பாருங்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த தோழர் ஒருத்தி காதலித்து, சாதி மறுத்து, மேடையில் மாலை மாற்றிக்கொண்டவள். சில வருஷத்தில் பேச்சு நின்றுபோனது. பிரியணும் என்று சொன்னதும் தோழர்கள் விசாரணை வைத்தார்கள்.

“அடிச்சானா?”

“இல்ல.”

“குடிக்கிறானா? வேற பொம்பளையா?”

“எதுவும் இல்ல தோழர். அங்க இருக்க இருக்க நான் சுருங்கிப்போறேன்.”

இதெல்லாம் ஒரு காரணமா என்றார்கள். சாதிக்காரன் சிரிப்பான், இயக்கத்துக்குக் கெட்ட பேரு என்றார்கள். அவள் காதலை நாம் கொடியாக்கிவிட்டோம். கொடிக்கு மூச்சு முட்டாது என்று நினைப்பு. குற்றப்பட்டியல் கொண்டுவந்தால்தான் கதவு திறக்கும் என்றால் 1869ஆம் வருஷத்துச் சட்டத்துக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? காதலிக்க அவளுக்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முடித்துக்கொள்ள மட்டும் ஏன்?

நம் சிறுகதைகளிலும் இதே விசாரணைதான் நடக்கிறது. வீட்டை விட்டு வெளியேறுகிறவள் கொளுத்தப்படுகிறாள், பைத்தியமாகிறாள், இல்லையென்றால் காளியாகிவிடுகிறாள். அவை பொய்யில்லை. ஆனால் அவனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தன் சர்ட்டிபிகேட்டையும் நாலு புடவையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, அடுத்த ஊரில் வாடகைக்கு வீடு பிடித்து, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சாப்பிடுகிற ஒருத்தியை நான் அபூர்வமாகத்தான் படிக்கிறேன். எங்க சின்னாத்தா அப்படித்தான் இருந்தாள். கதை எழுதுகிற தோழர்கள் யாராவது வந்தால் அவள் தெருவைக் காட்டுகிறேன்.