தடை உண்டு, தடுப்பவர் இல்லை

என் அக்கா மகள் ப்ளஸ் டூ படித்த வருஷம் அவள் தலையணைக்கடியில் நாலு தடிப் புத்தகங்கள் கிடந்தன. ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ வரிசை. ‘இதுல அப்படி என்னம்மா இருக்கு?’ என்று கேட்டேன். கேட்ட தொனியிலேயே இலக்கியவாதியின் இளக்காரம் தெரிந்திருக்க வேண்டும். அவள் நிமிராமலே சொன்னாள்: ‘வீட்ல யாரும் வேணாங்கல மாமா. அவனேதான் வேணாங்குறான். எங்க கொன்னுடுவமோன்னு அவனுக்கே பயம். இதுல ஜாதி கீதி ஒண்ணும் கிடையாது. அதான் நல்லாருக்கு.’

நான் வாசித்த எந்த விமர்சனமும் அந்தப் பிரதிக்குள் இவ்வளவு நேராகப் போய் நின்றதில்லை. அவள் சொன்னதில் முதல் பாதி முழுச்சரி. ஜாதி கீதி கிடையாது என்ற பாதியில்தான் எனக்குத் தகராறு.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும், சுருக்கிவிடுகிறேன். 2005க்கும் 2008க்கும் இடையில் வந்த நான்கு நாவல்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓயாமல் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூர். பதினேழு வயது பெல்லா அங்கே அப்பாவோடு இருக்க வருகிறாள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் எட்வர்ட் ஒரு இரத்தக் காட்டேரி. பிறந்தது 1901, 1918ஆம் வருஷ விஷக்காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தபோது கார்லைல் என்ற டாக்டர் தன் இனமாக மாற்றிவிட்டார். இந்தக் குடும்பம் மனித இரத்தம் குடிப்பதில்லை, மிருக இரத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் பெல்லாவின் வாசனை மட்டும் அவனைப் படுத்துகிறது. முதல் நாவலின் அட்டையில் இரண்டு கைகள் ஏந்திய ஆப்பிள். உள்ளே முகப்பு வாசகமாக ஆதியாகமத்தின் விலக்கப்பட்ட கனி. தான் விலக்கப்பட்ட காதலின் கதை என்று பிரதி வாசலிலேயே போர்டு மாட்டிவிடுகிறது.

சரி, விலக்குவது யார்?

பெல்லாவின் அப்பா அந்த ஊர்ப் போலீஸ் தலைவர். இடுப்பில் துப்பாக்கி உண்டு, முணுமுணுப்பதைத் தாண்டி ஒன்றும் செய்வதில்லை. எட்வர்டின் வீட்டார், ஒரு அக்காளின் முகச்சுளிப்பு போக, அவளை மடியில் வைத்துக்கொள்ளாத குறை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பொறாமைதான், கோபமில்லை. இருவரும் வெள்ளையர்; பையன் பெரும் பணக்காரன்; கல்யாணத்துக்கு முன் தொட மறுக்கிறவன். எந்தச் சமூகக் கோட்டையும் இந்தக் காதல் தாண்டவில்லை. இருக்கிற ஒரே தடை அவனுடைய பசி. தெருவிலும் கோவிலிலும் கோர்ட்டிலும் இருந்த தடை பெயர்ந்து காதலனின் உடம்புக்குள் குடியேறிவிட்டது. தடை உண்டு, தடுப்பவர் இல்லை. இந்த வகை நாவல்களின் மொத்த சூட்சுமமும் இதுதான் என்பேன். மேயருக்குப் பின்னால் தேவதைகளையும் ஓநாய்களையும் வைத்துப் பதின்வயதினருக்கு எழுதியவர்களில் ஏகப்பட்டவர்கள் பிடித்துக்கொண்டதும் இதைத்தான்.

இதை வெறும் தப்பித்தல் என்று தள்ள எனக்கு மனசில்லை. ஜானிஸ் ராட்வே காதல் நாவல் படிக்கும் அமெரிக்கக் குடும்பப் பெண்களிடம் பேசி 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். நாவலில் என்ன இருந்தது என்பதோடு, படிக்கிற அந்த நேரம் வீட்டார் யாரும் தொடமுடியாத தன் நேரம் என்பதும் அந்தப் பெண்களுக்கு முக்கியமாக இருந்ததை அவர் கண்டார். தலையணைக்கடிப் புத்தகமும் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. பெண் ஆணைப் பார்த்துப் பயப்படவேண்டிய உலகத்தில், தன் பலத்தைப் பார்த்துத் தானே பயப்படும் ஆண் என்பது சாதாரண ஆசை இல்லை. நிஜ ஆண்கள்மேல் வைக்கப்பட்ட ஒரு புகார் அது. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுத்தெருவில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த ஒரு பெண், வீட்டார் யாரும் அரிவாள் எடுக்காத ஒரு ‘தடுக்கப்பட்ட காதலை’ இரவெல்லாம் கண்விழித்துப் படித்தால் அதைக் கேலி செய்ய நான் யார்?

ஆனால் தடையை இயற்கையாக்குவது அப்பாவியான காரியமில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளையரும் மில்ட்ரெட் என்ற கறுப்புப் பெண்ணும் 1958இல் கல்யாணம் செய்துகொண்டதற்காகக் கைதானார்கள். 1965இல் அந்தத் தண்டனையை நியாயப்படுத்தி எழுதிய நீதிபதி, தன் மாநிலத்துச் சட்டசபை தடுக்கிறது என்பதோடு நிறுத்தவில்லை. கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், கலக்கக்கூடாது என்பதற்காகவே வைத்தார் என்று எழுதினார். 1967இல்தான் உச்சநீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. தடுக்கிறவன் எந்தக் காலத்திலும் ‘நான் தடுக்கிறேன்’ என்று சொல்வதில்லை. இரத்தம் தடுக்கிறது, படைப்பு தடுக்கிறது என்பான். ‘ட்வைலைட்’ அந்த நீதிபதியின் வாக்கியத்தை எடுத்துக் காதல் வசனமாக்கித் தருகிறது. இரத்தம்தான் தடுக்கிறதாம்.

இப்போது மறுபாதிக்கு வருகிறேன். எட்வர்ட் கதையில் காணாமற்போன சமூகம் எங்கே போயிற்று? இருபது கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் இருக்கிறது. லா புஷ் என்ற ஊர், க்விலியூட் பழங்குடியின் ஒதுக்கிடம். பெல்லாவைக் காதலிக்கும் இன்னொரு பையன் ஜேக்கப் அங்கேதான் இருக்கிறான்.

மழை அதிகம் பெய்யும் ஊர் எது என்று தேடித்தான் மேயர் ஃபோர்க்ஸைக் கண்டுபிடித்தார். எழுதத் தொடங்கும்வரை அங்கே போனதுமில்லை. தற்செயலாகக் கிடைத்த அந்தப் பழங்குடி நாவலுக்குள் வந்ததும் என்ன ஆகிறது பாருங்கள். க்விலியூட் மக்களின் தொன்மத்தில் க்வாட்டி என்பவர் ஓநாய்களை மனிதர்களாக மாற்றினார். அப்படி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நாவலில் மனிதர்கள் ஓநாய்களாக மாறுகிறார்கள். திசையை மட்டும் திருப்பியிருக்கிறார், அவ்வளவுதான்! காட்டேரிகள் அக்கம்பக்கத்தில் குடிவந்தால்தான் இந்தப் பையன்களுக்கு உடம்பு கொதித்து ஓநாயாவது தொடங்கும். வெளிறிய தோல்காரர்கள் வந்து குடியேறியதால் பூர்வகுடியின் உடம்பு குலைகிறது என்ற வரலாற்றை மேயர் தனக்கே தெரியாமல் எழுதிவைத்திருக்கிறார்.

நாவலில் ஒரு ஒப்பந்தமும் உண்டு. ஜேக்கப்பின் பாட்டனுக்கு அப்பாவும் கார்லைலும் செய்துகொண்டது. காட்டேரிகள் மனிதரைக் கடிக்கக்கூடாது, க்விலியூட் நிலத்தில் கால் வைக்கக்கூடாது. காட்டேரிகள் யோக்கியமாக அதைக் காப்பாற்றுகிறார்கள். நிஜத்தில் 1855-56இல் அமெரிக்க அரசோடு ஒரு ஒப்பந்தம் இருந்தது. அந்த மக்கள் தங்கள் நிலத்தை இழந்த ஒப்பந்தம் அது. 1889இல் ஜனாதிபதி உத்தரவால் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு சதுரமைல். அதே வருஷம் ஊரார் கூலிக்கு ஹாப்ஸ் பறிக்கப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு குடியேறி அவர்கள் வீடுகளுக்குத் தீ வைத்தான். சுனாமி வந்தால் மூழ்கும் தாழ்வான கரையிலிருந்து மேட்டுக்கு நகர, சுற்றியிருக்கும் தேசியப் பூங்காவிலிருந்து நிலம் திரும்பக் கிடைக்க 2012 வரை ஆயிற்று. பள்ளிக்கூடம் மேலே போனது 2022இல். ஃபோர்க்ஸுக்குச் சுற்றுலாப் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்த 2010இல், பொட்டவாட்டமி இனத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் ஏஞ்சலா ரைலி நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். க்விலியூட் பெயரைப் போட்டு நகையும் உடையும் விற்கிறார்கள், இடுகாட்டைக்கூட கேட்காமல் படம் பிடித்தார்கள், அந்த மக்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் வருவதில்லை என்றார்.

நாவலுக்குள் எனக்குத் தொண்டையில் சிக்குவது எமிலிதான். ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் சாம், ஒரு கணம் கோபம் மீறியதில் பக்கத்தில் நின்றவளின் முகத்தைக் கிழித்துவிட்டான். பாதி முகம் தழும்பு. பெல்லா முதன்முறை அவள் வீட்டுக்குப் போகும்போது ஒரு பையன் முன்கூட்டியே எச்சரிக்கிறான்: உற்றுப் பார்க்காதே, சாமுக்குச் சங்கடமாக இருக்கும். எமிலிக்குச் சங்கடம் என்றல்ல, சாமுக்கு! நான்கு புத்தகம் முழுக்க ‘உன்னைக் கொன்றுவிடுவேன்’ என்று உருகும் எட்வர்ட் அவளைக் கொல்வதே இல்லை. தேனிலவில் அவள் உடம்பெல்லாம் கன்றிப்போகிறது என்பது உண்மை. அவள்தான் அவனைத் தேற்றுகிறாள். ஆனால் ஆறாத தழும்பு, நிஜமான கைமீறல், ஒரு பழங்குடிப் பெண்ணின் முகத்துக்கு ஒதுக்கப்படுகிறது. வெள்ளைப் பையனுக்குக் கட்டுப்பாடு, கறுத்த பையனுக்கு நகம். ஜாதி கீதி இல்லையா?

ஜேக்கப் காதலுக்கு முடிவு இன்னும் மோசம். பறவைக்குஞ்சு பிறந்ததும் கண்ணில் படுவதைத் தாயாக வரித்துக்கொள்வதற்கு விலங்கியலில் ‘இம்ப்ரிண்டிங்’ என்பார்கள். அந்தச் சொல்லையே மேயர் இந்தப் பையன்களின் காதலுக்கு வைக்கிறார். பார்த்த கணத்தில் ஆள் முடிவாகிவிடும், மறுக்க முடியாது. நான்காவது நாவலில் பெல்லாவுக்கும் எட்வர்டுக்கும் பிறந்த சிசுவைக் கொல்லப் போகும் ஜேக்கப், பார்த்ததும் அதனோடு கட்டுண்டுபோகிறான். கோட்டைத் தாண்டி ஒரு வெள்ளைப் பெண்ணைக் காதலித்தவன் அந்த வீட்டுப் பிள்ளையைக் காவல் காக்கும் ஆளாகிறான். ஓநாய்க் கூட்டத்தின் விதிப்படி அதன்பின் அந்தக் குழந்தையை யாரும் தொடக்கூடாது. தடுக்கப்பட வேண்டிய ஒரே காதலை இயற்கையே வந்து தீர்த்துவைத்துவிட்டது, யாரும் கையை அழுக்காக்கிக்கொள்ளாமல்.

வேறு மாதிரி எழுத முடியாதா? அதே 2005இல் ஒக்டேவியா பட்லரின் கடைசி நாவல் ‘ஃப்ளெட்ஜ்லிங்’ வந்தது. பதின்வயதினருக்கானதல்ல, ஆனால் அதுவும் காட்டேரிக் கதை, அதுவும் வாஷிங்டன் மாநிலத்தில்தான் தொடங்குகிறது. ஷோரி என்ற காட்டேரி, ஐம்பத்துமூன்று வயது, பார்வைக்குச் சிறுமி. கறுப்பின மனிதரின் மரபணு அவளுக்குள் சேர்க்கப்பட்டதால் தோல் கறுப்பு, அதனால் வெயில் தாங்குகிறாள். அந்தக் கலப்புக்காகவே அவள் குடும்பங்களை எரித்துக் கொல்கிறார்கள். எரித்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது. மூன்று இரவு விசாரணை நடக்கிறது. இவள் நம் இனமே இல்லை என்று முகத்துக்கு நேரே வாதிடுகிறார்கள். விசாரணை நடக்கும்போதே அவளைச் சேர்ந்த ஒரு மனிதப் பெண் கொலையாகிறாள். மேயரின் கடைசி நாவலிலும் வொல்ட்டூரி என்ற காட்டேரி அதிகாரம் படையோடு வருகிறது. போர் நடக்காமலே திரும்பிப் போய்விடுகிறது.

பட்லர் எதையும் வசதியாக்கித் தருவதில்லை. ஷோரியின் கடி மனிதர்களை அவளுக்கு அடிமையாக்கும்; அவள் இல்லாவிட்டால் அவர்கள் பிழைப்பதே சந்தேகம். அப்படியானால் சம்மதம் என்று எதைச் சொல்வது என்பதை அவர்களே அவளிடம் கேட்கிறார்கள், கோபப்படுகிறார்கள். அவளுடைய சிறுமித் தோற்றத்தையும் வாசகன் மறக்க வழியில்லாமல் வைத்திருக்கிறார். எனக்கு அந்தப் பக்கங்கள் உறுத்தின, இன்றும் உறுத்துகின்றன. சிசுவோடு கட்டுண்ட ஜேக்கப்பைப் பார்த்து உறுத்தாமல் இருக்க மேயர் எவ்வளவு மெத்தை போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அக்கா மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். போன வருஷம் ‘ஃப்ளெட்ஜ்லிங்’ புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். விசாரணை தொடங்கும் இடத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து மூடி, மேசைமேல் போட்டிருந்தாள். என்ன ஆச்சு என்றேன்.

‘இதுல எல்லாரும் வந்துட்டாங்க மாமா’ என்றாள். முடித்தாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை.