ஐஸ் ஹாக்கி வர்ணனையில் ஐம்பது ஆண்டு: பாப் கோல்

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் கொண்ட, 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வட்டையே மட்டையால் அடித்து ஆடுகிறார்கள். மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டியும் பாயக்கூடிய அந்த வட்டைக் கண்ணால் தொடர்வதோடு, ஆட்டம் நிற்காமலேயே ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் மாறி மாறிக் களமிறங்கும் வீரர்களையும் இனங்கண்டு பெயர் சொல்ல வேண்டியிருப்பதால், இதன் நேர்முக வர்ணனை மிகக் கடினமான தொழில். அத்தொழிலில் கனடாவின் பாப் கோலுக்கே முதலிடம் தர வேண்டும். அதற்குக் காரணம் சொல்வளம் அன்று, குரலை அவர் ஆண்ட விதம்.

கோலின் கலை வானொலியில் வேர்கொண்டது. 1923-இல் டொராண்டோவில் ஹாக்கி வர்ணனையைத் தொடங்கிய போஸ்டர் ஹெவிட், 1931-இல் திறக்கப்பட்ட மேப்பிள் லீப் கார்டன்ஸ் அரங்கில், பனித்தளத்துக்கு 56 அடி உயரத்தில் தொங்கிய 'கோண்டோலா' என்னும் கூண்டிலிருந்து பேசி, ஆட்டத்தைப் பார்த்தறியாத இலட்சக்கணக்கானோருக்கு அதைக் காதாலேயே காட்டினார். 1933-இல், அன்று கனடாவோடு இணைந்திராத நியூபவுண்ட்லாந்தில் பிறந்து, ஹெவிட்டின் குரலைக் கேட்டே வளர்ந்த கோல், 1956-இல் தம் வர்ணனையைப் பதிவுசெய்த ஒலிநாடாவோடு டொராண்டோவுக்குச் சென்று அவரையே நேரில் சந்தித்தார். ஹெவிட்டும் அதைப் பொறுமையாகக் கேட்டு அறிவுரை வழங்கினார். தேசிய வானொலியில் கோலுக்கு இடம் கிடைத்ததோ 1969-இல்தான். 1972-இல் சோவியத் அணிக்கு எதிராகக் கனடா ஆடிய தொடரின் கடைசி ஆட்டத்தில், முடிய 34 நொடிகளே இருந்தபோது பால் ஹென்டர்சன் அடித்த வெற்றி கோலை மாஸ்கோவிலிருந்து தொலைக்காட்சியில் ஹெவிட்டும் வானொலியில் கோலும் வர்ணித்தனர்.

மறு ஆண்டே தொலைக்காட்சிக்கு வந்த கோல், வானொலிப் பழக்கத்தைக் கைவிடவில்லை. பக் ஆடுகளத்தின் நடுப்பகுதியில் அலையும்போது அவர் குரல் தாழ்ந்தே ஒலிக்கும்; பல வேளைகளில் வெறும் பெயர்கள் மட்டுமே வரும். எதிரணியின் காப்புப் பகுதி தொடங்கும் இடத்தைக் குறிக்கும் நீலக்கோட்டைத் தாக்குதல் கடந்தவுடன் குரல் ஒரு படி ஏறும், இடைவெளி கண்ணில் பட்டதும் இன்னொரு படி ஏறும்; ஆகவே அடி விழுவதற்கு முன்பே, அடுத்த அறையில் இருப்பவர்கூட ஏதோ நடக்கப்போகிறது என்று திரும்பிப் பார்ப்பார். எல்லாத் தாக்குதலுக்கும் ஒரே உச்சத்தில் கத்துகிற வர்ணனையாளரிடம் கோல் விழும் நொடிக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. மிச்சம் வைக்கத் தெரிந்தவர் பாப் கோல்.

இதற்கு நேர்மாறானவர் அமெரிக்காவின் மைக் எம்ரிக். 1973-இல் போர்ட் ஹியூரன் என்னும் சிற்றூரின் கீழ்நிலை லீக் அணியில் தொடங்கி, இடையே முனைவர் பட்டமும் பெற்று, 2020 வரை வர்ணித்த அவர், பக் நகரும் ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு தனி வினைச்சொல் வைத்திருந்தார். வியக்கத்தக்க திறமைதான் அது. ஆனால் வியப்பு சில வேளை ஆட்டத்தை விட்டுச் சொல்லின் மேல் தங்கிவிடுகிறது.

பிற்காலத்தில் கோல் வீரர்களின் பெயர்களை மாற்றிச் சொன்னார் என்ற குறை உண்டு. அது நியாயமான குறையே. லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் வர்ணனை 2009 முதல் அவரிடமிருந்து ஜிம் ஹியூசன் என்னும் வர்ணனையாளரிடம் சென்றது. ஆயினும் பெயர் தவறிய ஆட்டங்களிலும் பாப் கோலுடைய குரலின் ஏற்ற இறக்கம் தவறவில்லை. 2019 ஏப்ரல் 6 அன்று மாண்ட்ரியலில் தம் கடைசி ஆட்டத்தை வர்ணித்த அவர், 2024 ஏப்ரலில் தமது 90-ஆம் வயதில் காலமானார்.

வர்ணனைத் துறைக்கு வர விரும்புவோர், எந்த விளையாட்டைச் சேர்ந்தவராயினும், 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் இறுதியில் கனடாவின் ஜோ சாகிக் அடித்த ஐந்தாவது கோலுக்கான பாப் கோலின் வர்ணனையை, படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.