வக்கீலின் கௌரவமும் மனோவியாதியும்

1973-ஆம் வருஷத்தில் வெளிவந்த ‘கௌரவம்’ என்னும் பேசும்படத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சற்று விரிவாக எழுத முன்வந்திருக்கிறோம். ஐம்பது வருஷங்களுக்கு முந்திய படத்தைப் பற்றி இப்பொழுது எழுத வேண்டிய அவசியம் என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அப்படம் பழையதாயினும் அது புகட்டிய எண்ணம் பழையதாகி ஒழியவில்லை. நமது பேராக் மாநிலத்துத் தோட்டங்களிலும் ஈப்போ நகரத்து வீடுகளிலும் அது இன்றும் உயிரோடிருக்கிறது. ஆகவேதான் எழுதுகிறோம்.

வியட்நாம் வீடு சுந்தரம் அவர்கள் ‘கண்ணன் வந்தான்’ என்ற நாடகத்தைப் படமாக்கி இயக்கியதே ‘கௌரவம்’. சிவாஜி கணேசன் அவர்கள் இதில் இரட்டை வேடம் பூண்டார்கள். ஒருவர் தோல்வியே காணாத பாரிஸ்டர் ரஜினிகாந்த். மற்றவர் அவர் வளர்த்த பிள்ளை கண்ணன், அவரும் வக்கீலே. தமக்கே கிடைக்கும் என்று நம்பியிருந்த ஜட்ஜ் பதவி பாரிஸ்டருக்குக் கிடைக்காமற் போகிறது. அந்த அவமானத்தில், குற்றவாளி என்று தாமே அறிந்த ஒருவனுக்காக வாதாடி அவனை விடுவித்துத் தம் திறமையை உலகுக்குக் காட்டுகிறார். பின்னர் அதே மனிதன் தான் செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கும்போது, பாரிஸ்டரை எதிர்த்து வழக்கை நடத்துகிறவர் கண்ணன். பாரிஸ்டர் தோற்கிறார், அத்தோல்வியைத் தாங்காமல் உயிர் விடுகிறார்.

நடிப்பைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கதையின் மெய்யான சிறப்பு வேறொன்றில் இருக்கிறது. பாரிஸ்டரின் வீழ்ச்சி கடைசி வழக்கில் ஆரம்பிக்கவில்லை. பதவி கைநழுவிய அன்றே ஆரம்பித்துவிடுகிறது. வெளியே மிடுக்கும், உள்ளே புண்ணுமாக ஒரு மனிதன் நாளுக்கு நாள் சிதைவதைக் கதாசிரியர் சரியாகவே கண்டிருக்கிறார். ஆனால் கண்டதை வியாதி என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ‘கௌரவம்’ என்று பெயர் சூட்டிவிட்டார். அவ்வீட்டிலே வாதம் உண்டு, பிடிவாதம் உண்டு, கண்ணீரும் உண்டு, “உங்களுக்கு என்ன செய்கிறது? தூங்கினீர்களா?” என்று அருகில் உட்கார்ந்து கேட்பார் மாத்திரம் இல்லை. ஆயுள் முழுவதும் விசாரணையிலே கழித்த மனிதனை நலம் விசாரிக்க ஓர் ஆள் இல்லை. தோற்றவனுக்கு மரணத்தைத் தவிர வேறு வழியைக் கதை காட்டவுமில்லை. சபையோர் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினோம் என்று நாம் யோசிக்கவில்லை.

இக்குறை இப்படத்துக்கு மாத்திரம் உரியதன்று. தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. அதை இயற்றிய வேதநாயகம் பிள்ளையவர்கள் மாயவரத்தில் முன்சீபாயிருந்தவர். நியாயஸ்தலத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர். தமிழ் ஜனங்களின் வழக்கை அவர்களுக்கு விளங்காத இங்கிலீஷில் நடத்தும் வக்கீல்களை அவர் கண்டித்தது முற்றும் நியாயம். ஆயினும் அங்கே நாம் காண்பது கட்சிக்காரனுடைய துன்பம். வக்கீலுக்கும் ஒரு துன்பம் இருக்கலாம் என்பது அக்காலத்துக் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆகப் பழைய நூல் வக்கீலைக் கண்டித்தது. புதிய படம் அவனை வணங்கியது. கண்டனத்துக்கும் வணக்கத்துக்கும் நடுவிலே அவனும் நோய்வாய்ப்படக்கூடிய மனிதன் என்ற எண்ணத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

நிற்க. இது வெறும் கற்பனைக் கவலையல்ல என்பதற்கு அத்தாட்சி உண்டு. அமெரிக்காவிலே 12,825 வக்கீல்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 28 பேரிடம் மனச்சோர்வின் அடையாளங்களும், நூற்றுக்கு 20 பேருக்குமேல் கேடான குடிப்பழக்கமும் காணப்பட்டன. அவர்களைச் சிகிச்சைக்குப் போகவொட்டாமல் தடுத்தவற்றுள் முதன்மையானது பணக்குறைவன்று. பிறர் அறிந்துவிடுவார்களே என்ற அச்சம். சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையிலோ, தங்கள் மனநிலையைப் பற்றி முதலாளியிடம் பேசினால் பிழைப்புக்குக் கேடு வரும் என்று அஞ்சுவோர் நூற்றுக்கு 41 பேர் என்று கண்டிருக்கிறது.

இத்தொழிலுக்கு மாத்திரம் இவ்வளவு பாரம் ஏன்? நாம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. மாலையில் பேரேட்டை மூடினால் நமது கவலையும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். வக்கீலின் கட்டு மூடுவதில்லை. எதிரி எங்கே அடிப்பான், தன் சாட்சி எங்கே உளறுவான் என்று எதிலும் கேட்டையே முன்கூட்டித் தேடும்படி அவன் புத்தி பழக்கப்படுகிறது. அப்பழக்கம் கோர்ட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை, வீட்டுக்கும் கூடவே வருகிறது. கொலையும், விவாகரத்தும், சொத்துச் சண்டையும் நாள்தோறும் காதில் விழுகின்றன. கட்சிக்காரன் சொன்ன இரகசியத்தை மனைவியிடமும் சொல்லக்கூடாது. அவன் தோல்வியோ பலர் அறிய நிகழ்கிறது. நமது நாட்டிலே 1976-ஆம் வருஷத்து வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி இளைஞர்கள் ஒன்பது மாதம் ஒரு மூத்தவரிடம் பழக வேண்டும். சட்டம் எல்லாம் கற்கும் அம்மாதங்களில், ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுப்பார் எத்தனை பேர்?

இனி நம்மையே குற்றக்கூண்டில் நிறுத்த வேண்டியிருக்கிறது. பால்மரம் வெட்டிய ஒரு தகப்பனாரின் மகன் சட்டம் படித்துத் தேறினான். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம் அது. லயத்திலிருந்து ஒரு வக்கீல் புறப்பட்டான் என்று எல்லாரும் பூரித்தோம். ஈப்போவில் ஏழைகளின் வழக்குகளை எடுத்து நடத்திய சீனிவாசகம் சகோதரர்களைப் போல் வருவான் என்று மாலையிட்டோம். இரண்டு வருஷம் கழித்துத் தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அறையை விட்டு வெளியே வரவில்லை. தகப்பனார் நமது ஆபீஸுக்கு வந்து, “கிராணி ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவன் ஆபீஸுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்” என்றார். எழுதிக் கொடுத்தோம். ஒரு முறையல்ல, மூன்று முறை. காய்ச்சல் இல்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இதனிடையில் மந்திரித்த கயிறு ஒன்று பையன் கையில் ஏறியது. பணம் ஒரு பூசாரியின் பைக்குப் போயிற்று.

ஏன் பொய் எழுதினோம்? ஈப்போவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் ஏற்பட்ட மனநோய் வைத்தியசாலை இருக்கிறது. அதன் இன்றைய பெயரில் உள்ள ‘பஹாகியா’ என்ற மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று அர்த்தம். நமது வாயிலோ அவ்வூரின் பெயர் ஒரு வசைச் சொல். “அதிகம் படித்தால் தஞ்சோங் ரம்புத்தான்தான்” என்று நமது ஆபீஸிலேயே ஒருவர் சொல்ல நாமும் சிரித்திருக்கிறோம். நாம் கல்வி கற்றது இங்கிலீஷில்; இந்நோய்க்கு அப்பாஷையில் பத்துப் பெயர் தெரியும். தகப்பனாரிடம் தமிழில் சொல்ல வாயெடுத்தபோது, ‘கவலை’ என்பதற்கும் ‘பைத்தியம்’ என்பதற்கும் நடுவே ஒரு சொல் அகப்படாமல் திகைத்தோம். வைத்தியர்கள் எழுதும் ‘மனச்சோர்வு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. லயத்தில் அதைப் பேசிப் பழக்கியவர் இல்லை.

நான்காம் கடிதத்துக்குத் தகப்பனார் வரவில்லை. பையனுடைய தமக்கை வந்தாள். “அண்ணே, இந்தத் தடவை உண்மையையே எழுதுங்கள், தம்பியை நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன்” என்றாள். எழுதினோம். இரண்டே வரியில் பதில் வந்தது: விடுமுறை தரப்படுகிறது, குணமான பின் வரலாம். எல்லா இடத்திலிருந்தும் இப்படிப்பட்ட பதில் வரும் என்று நாம் சொல்லவில்லை. அந்த நூற்றுக்கு 41 பேரின் அச்சம் காரணமில்லாததும் அன்று. ஆனால் இம்முறை அச்சுறுத்தியது அந்த ஆபீஸ் அல்ல, நாமே. மருந்தும், வைத்தியரோடு பேச்சும், தமக்கையின் பொறுமையும் சேர்ந்து சில மாதங்களில் அவனைத் தேற்றின. இப்பொழுது அவன் மறுபடியும் கோர்ட்டுக்குப் போகிறான். வழக்குகளைக் குறைத்துக்கொண்டான். சில வழக்குகளில் தோற்கவும் தோற்கிறான், இரவில் தூங்குகிறான்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைத் தண்டித்து வந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நமது நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. துன்புற்றவன் குற்றவாளியல்லன் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. இன்னும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நமது வீட்டுத் திண்ணையும், ஆபீஸ் மேஜையும், படக்கொட்டகையுமே.

‘கௌரவம்’ படத்தை யாரும் பார்க்கலாகாது என்று நாம் சொல்ல வரவில்லை. நன்றாய்ப் பார்க்கட்டும். பாரிஸ்டர் நிமிர்ந்து நடக்கும் இடத்தில் கைதட்டுகிறவர்கள், அவர் தனியே உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவர் நோயாளி என்பதையும் கண்டுகொள்ளட்டும். தோற்ற பிறகும் உயிரோடிருந்து, வைத்தியரிடம் போய், மறுநாள் கோர்ட்டுக்கு வரும் ஒரு வக்கீலைக் கதாநாயகனாக வைத்து நமது எழுத்தாளர்களில் யாரேனும் ஒரு கதை எழுதுவார்களானால், அதுவே தமிழுக்கும் இத்தொழிலுக்கும் செய்யும் பெரிய தொண்டு ஆகும். அது வரும்வரையில், காய்ச்சல் என்று பொய்க் கடிதம் எழுதும் வேலையை நாம் விட்டுவிட்டோம் என்பதை வாசகர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.