மெரினோ மோகமும் தோட்டத்து ஆட்டுரோமமும்

கம்பளி இழையை ஊசியால் குத்திக் குத்திப் பொம்மை செய்யும் ஊசி ஃபெல்ட் கலைக்குத் தறி வேண்டாம், சூளை வேண்டாம். ஓர் ஊசி, ஒரு ஸ்பாஞ்சு, ஒரு கைப்பிடி இழை இருந்தால் ஈப்போவின் தாமான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே செய்துவிடலாம். அதன் பெரும் பலம் இதுதான். இழையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது. மெரினோ ஆட்டுக் கம்பளி என்றால் உசத்தி என்று எல்லா வேலைக்கும் அதையே வாங்குகிறோம்.

மெரினோவின் தடிமன் 18 முதல் 23 மைக்ரான் வரை. இழையை நனைத்துத் தேய்த்து இறுக்கும் ஈர ஃபெல்ட்டில், அதுவும் சால்வைக்கு, அதற்கு நிகரில்லை. கம்பளி இழையின் மேல் ஓடு வேய்ந்ததுபோலச் செதில்கள் படிந்திருக்கும். சுடுநீரும் சோப்பும் விட்டுத் தேய்த்தால் இழைகள் ஒரு பக்கமாகவே நகரும். திரும்பி வரச் செதில் விடாது. ஊசி ஃபெல்ட்டுக்கும் இதே விளக்கத்தைச் சொல்வது சரியல்ல. அங்கே இழைகளைப் பின்னுவது ஊசியின் ஓரத்தில் வெட்டிய சிறு கொக்கிப் பற்கள். அதனால்தான் செதிலே இல்லாத பாலியெஸ்டரும் ஊசிக்கு மசிகிறது. கைவினைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வண்ண ஃபெல்ட் தாள்களில் பெரும்பாலானவை செயற்கை இழைதான். சந்தேகமா, ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி, தலைமுடி கருகும் வாடையோடு எரிந்து விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

சீவி நேராக்கிய மெரினோவை உருட்டி எவ்வளவு குத்தினாலும் உள்ளே மெத்தென்றே இருக்கும். மேலே ஊசித்துளை தெரியும். 25 முதல் 31 மைக்ரான் தடிமனுள்ள கோரிடேல் ஆட்டு இழை, அதிலும் இழைகள் நாலாபக்கமும் ஓடும்படி பரப்பியது, சீக்கிரம் இறுகும். 36ஆம் எண் ஊசியில் தொடங்கி 40இல் முடிக்கலாம். மெரினோ மேற்பூச்சுக்குப் போதும்.

உள்ளே வைக்கும் இழைக்கு நம் நாட்டு ஆடே உதவும் என்பது என் எண்ணம். 1970களில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ரப்பர் மரங்களுக்கடியில் செம்மறி மேய்ப்பதை ஊக்குவித்தது. உள்நாட்டு மாலின் ஆட்டை டோர்செட் ஹார்ன் இன ஆட்டோடு கலந்து பார்த்தார்கள். களையெடுப்புச் செலவு குறையும், இறைச்சி கிடைக்கும் என்பதே கணக்கு; ரோமத்துக்கு அதில் இடமில்லை. டோர்செட் இழை ஈர ஃபெல்ட்டுக்கு அடம்பிடிக்கும். ஆனால் அதன் சுருள்தன்மை பொம்மையின் உடம்பை நன்றாகத் தாங்கும்.

குறைகளும் உண்டு. மாலின் ரோமம் முரடு. தோலில் பட்டால் குத்தும். கொழுப்பும் புல்விதையும் ஒட்டியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்து, கசக்காமல் அலசி எடுக்க வேண்டும். கசக்கினால் சில ரோமம் தொட்டியிலேயே இறுகத் தொடங்கும். பேராக்கின் ஈரக்காற்றில் உலர்த்துவதே பெரும்பாடு. தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தைக் கம்பளி வெளியே தெரியாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தைப்பிங் போன்ற மழை ஊரில், தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடித்துவிடும். தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டதால் ஆடும் எளிதில் கிடைக்காது. இருந்தாலும் வகுப்பு நடத்துகிறவர்கள் பக்கத்து ஆட்டுப்பண்ணையில் ஒரு மூட்டை ரோமம் கேட்டு வாங்கி, அதைக் கழுவிக் காயவைப்பதையே முதல் பாடமாக வைக்கலாம்.