முப்பது காலடிக்குள்

ஏர் ரைஃபிள் வெடிப்பதில்லை. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு பண்ணையின் வேலியோரம், ஒன்பது மணிக்கும் வெளிச்சம் வடியாத ஒரு ஜூன் மாலையில்தான் அதன் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். ஈரப் புல்லில் எனக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்த பெரியவர் தச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசையைத் தொட்டதும், கனத்த புத்தகத்தைச் சட்டென்று மூடியதுபோல ஒரு 'டப்'. முப்பது காலடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்த முயல் நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தது. அதற்கு அப்பால் இருந்த இரண்டு முயல்கள் காதை நிமிர்த்தின. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின.

அந்த மாலைக்குப் பிறகு ஐந்து வருடம், பணி ஒழிந்த சனிக்கிழமையெல்லாம் அவரோடு போனேன். அந்தத் துப்பாக்கியின் பலக்குறைவுதான் என்னைக் கட்டிப்போட்டது.

பலக்குறைவு என்று சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் துப்பாக்கிச் சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைஃபிளின் ரவைக்கு, குழல்வாயை விட்டு வெளியேறும்போது 12 அடி-பவுண்டுக்கு மேல் ஆற்றல் இருக்கக்கூடாது. 1969-இல் வகுத்த வரம்பு அது. 16 ஜூலுக்குச் சற்று மேல். முயலுக்கு அங்கே வழக்கமாக எடுக்கும் பாயின்ட் டூ-டூ தோட்டாவின் ஆற்றல் இதைப்போல எட்டு மடங்கு. தோட்டா கொஞ்சம் தவறி விழுந்தாலும் அந்த மிச்ச பலம் வேலையை முடித்துவிடும். ரவைக்கு மிச்சம் கிடையாது. உடம்பில் பட்டால் முயல் வளைக்குள் ஓடி, யார் கண்ணிலும் படாமல் மெல்லச் சாகும். கண்ணுக்கும் காதின் அடிக்கும் நடுவே பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அங்கே பட்டால்தான் ஒரே கணத்தில் முடியும்.

அதனால் பெரியவர் என் கையில் முதலில் கொடுத்தது அட்டைகளைத்தான். ஒவ்வொன்றிலும் நாணயத்தை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். பத்து ரவையில் பத்தும் எந்தத் தூரத்திலிருந்து வட்டத்துக்குள் விழுகிறதோ அதுதான் உனக்குரிய தூரம், அதற்கு மேல் ஒரு காலடிகூட உன்னுடையது அல்ல என்றார். ஒன்பது விழுந்தால் போதாதா என்று கேட்டேன். அந்தப் பத்தாவது முயலிடம் போய்க் கேள் என்றார். முதல் வருடம் முழுக்க எனக்குரிய தூரம் பதினெட்டுக் காலடிதான். முயல் வேட்டையை வீரத்தின் கணக்கில் வள்ளுவர் சேர்க்கவில்லை. அவருக்கு யானைதான் அளவுகோல். போர்க்களத்துக்கு அது சரி. பதினெட்டுக் காலடிக்குள் ஒரு முயலை நெருங்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது வேறு கணக்கு.

அவருடைய துப்பாக்கி, பவேரியாவின் மெல்ரிக்ஸ்டாட் ஊரில் வைராக் நிறுவனம் செய்த ஹெச்.டபிள்யூ.77. பீச் மரக் கட்டை, ஏறக்குறைய நான்கு கிலோ கனம். குழலுக்கு அடியில் படுத்திருக்கும் நெம்புகோலைக் கீழே இழுத்துப் பின்னால் தள்ளினால் உள்ளே பிஸ்டன் பின்வாங்கி எஃகுச் சுருள்வில்லை நெருக்கும். கடைசியில் ஒரு 'க்ளிக்'. திறந்த வாயில் ரவையைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்துவிட்டு நெம்புகோலை மேலே கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு ரவைக்கும் இத்தனை வேலை உண்டு. அவசரக்காரனுக்கு இந்தத் துப்பாக்கி உதவாது. இதன் 'ரெக்கார்ட்' விசையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முதலில் விரலோடு தளர்வாக வரும். பிறகு ஒரு சுவரில் முட்டி நிற்கும். அதற்கு மேல் எண்ணம் மட்டும் கனத்தாலே போதும், காய்ந்த முருங்கைக் குச்சிபோல் ஒடியும்.

ஒடிந்த பிறகு நடப்பதுதான் இந்தக் கருவியின் அழகு. சுருள்வில் பிஸ்டனை முன்னால் எறிகிறது. துப்பாக்கி பின்னுக்கு நகர்கிறது. முன்னே அடைபட்ட காற்று நெருங்கி நெருங்கிச் சூடாகிறது. பிஸ்டன் ஓட்டத்தின் முடிவை நெருங்கும்போதுதான் ரவை இடத்தை விட்டு அசைகிறது. நெருங்கிய காற்றே மெத்தையாகிப் பிஸ்டனைத் தடுக்க, துப்பாக்கி இப்போது முன்னுக்கு இழுக்கிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சாதாரணத் துப்பாக்கி ஒரு பக்கம்தான் உதைக்கும். இது இரண்டு பக்கமும் உதைக்கும். பெரிய ரைஃபிள்களின் உதையைத் தாங்கும் தொலைநோக்கிகள்கூட இதன்மேல் பூட்டினால் உள்ளே ஆட்டம் கண்டுவிடும்.

இறுகப் பிடித்தால் ரவை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகும். இடது உள்ளங்கையை மல்லாத்தி, துப்பாக்கியை அதன்மேல் உட்காரவைக்க வேண்டும். விரல்கள் மூடவே கூடாது. தோளும் கன்னமும் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அது தன் ஆட்டத்தை ஆடி முடிக்கும்வரை நாம் குறுக்கே நிற்கக்கூடாது. எனக்கு இது கைவர எட்டு மாதம் ஆயிற்று.

வெடிப்பதில்லை என்று மேலே எழுதினேன். முழு உண்மை அதுவல்ல. பிரிட்டனில் கார்டியூ என்ற பெயர் கொண்ட இருவர் இந்தத் துப்பாக்கிகளின் உள் இயக்கத்தை ஆராய்ந்தார்கள். காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனை வைத்துச் சுட்டுப் பார்த்தபோது ரவையின் வேகம் நன்றாகக் குறைந்தது. அறைக்குள் பூசியிருக்கும் துளி எண்ணெய் ஒவ்வொரு முறையும் அந்தச் சூட்டில் எரிகிறது, அந்த எரிப்பும் ரவையைத் தள்ளுகிறது என்று தெரியவந்தது. இதைப் படித்த பிறகு எண்ணெய்ப் புட்டியை எடுக்கும்போதெல்லாம் என் கை தானாகவே சிக்கனமாகும்.

இப்போது வேட்டைக்காரர்களில் பலர் உயரழுத்தக் காற்றை உருளையில் அடைத்துக்கொள்ளும் ரைஃபிளுக்கு மாறிவிட்டார்கள். சுருள்வில் இல்லை, உதை இல்லை. புதுமை என்று பேசப்பட்டாலும் வழி பழையது. பார்த்தலோமேயுஸ் ஜிராண்டோனி 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவத்துக்குச் செய்து கொடுத்த துப்பாக்கியில் பின்கட்டையே காற்றுக் குடுவை. இருபது குண்டுக்கு மேல் வரிசையாக அடைக்கலாம். குடுவையை நிரப்பத்தான் ஆயிரம் தடவைக்கு மேல் பம்பு அடிக்க வேண்டும். 1803-இல் அமெரிக்காவின் மேற்கு நோக்கிப் புறப்பட்ட லூயிஸ்-கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோய், வழியில் சந்தித்த பழங்குடி மக்களுக்குச் சுட்டுக் காட்டியது. பர்மிங்ஹாமில் லிங்கன் ஜெஃப்ரீஸ் வடிவமைத்த சுருள்வில் ரைஃபிளை பி.எஸ்.ஏ. ஆலை செய்யத் தொடங்கியது 1905 வாக்கில்தான். புதிதாகப் பழகுபவர் உயிருள்ள பிராணியைச் சுடப் போகிறார் என்றால் காற்று உருளை ரைஃபிளையே நான் சொல்வேன். பிழை குறையும், பிராணி வதைபடாது. என் மனம் மட்டும் சுருள்வில்லோடுதான் இருக்கிறது.

ரவையில் 4.5 மி.மீ., 5.5 மி.மீ. என்று இரண்டு கட்சி. இரண்டும் ஈயம், இடுப்பு சிறுத்து, பின்பக்கம் பாவாடைபோல் விரிந்து, குழலின் முறுக்குப் பள்ளங்களைக் கவ்விக்கொண்டு சுழன்று போகும். சின்னது அரை கிராமுக்குச் சற்று மேல், பெரியது ஒரு கிராம். ஆற்றல் வரம்பு ஒன்றே என்பதால் சின்னது வேகமாகப் போகிறது. முப்பது மீட்டர் போவதற்குள் பெரியது சுமார் 16 செ.மீ. இறங்கும், சின்னது 9 செ.மீ. தூரத்தை ஐந்து மீட்டர் பிசகாகக் கணித்தாலும் சின்னது மன்னிக்கும், பெரியது மன்னிக்காது. பெரியவர் பெரிய ரவைக் கட்சி. நான் சின்ன ரவைக் கட்சி, இன்றுவரை. இரண்டுமே ஒலியைவிட மெதுவாகத்தான் போகும். அதாவது விசையின் சத்தம் ரவையை முந்திக்கொண்டு முயலின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தலையைத் தூக்கி உஷாராகப் பார்க்கும் முயல் அந்த இடைவெளியில் அசைந்துவிடும். புல்லைக் கடித்து நிதானமாக மெல்லும் முயலுக்குத்தான் விசையைத் தொடலாம்.

தூரத்தைக் கண்ணாலேயே அளக்கப் பழக வேண்டும். ஷ்ராப்ஷயரின் லட்லோ ஊர்க் கடைத்தெருவில் நடக்கும்போது, அதோ அந்த விளக்குக் கம்பம் எத்தனை காலடி என்று பெரியவர் கேட்பார். சொல்லிவிட்டு எண்ணிக்கொண்டே நடப்பேன். இன்றும் சென்னையில் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தால் உள்ளே ஓர் எண் எழும்புகிறது.

முயலுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். அது தலை குனிந்து மேயும்போது நாம் நகர வேண்டும், நிமிரும்போது மரமாக வேண்டும். காற்று அதன் பக்கமிருந்து நம் முகத்தில் அடிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பின்காலால் நிலத்தைத் தட்டும். அந்த 'தொப்' கேட்டால் அந்த வயலில் அன்றைய வேலை முடிந்தது. அறுபது காலடி தூரத்தை முப்பதாகக் குறைக்க நாற்பது நிமிடம் ஊர்ந்த நாள்கள் உண்டு. தரையோடு தரையாகக் கிடக்கும்போது சிலந்தி வலையில் பனி கோப்பதும், நரிக் குட்டி ஒன்று நம்மைக் கடந்து போவதும் தெரியும்.

இத்தனையும் விளையாட்டுக்காக அல்ல. முளைத்து வரும் கோதுமையின் ஓரத்தை முயல்கள் மொட்டையடித்துவிடும். 1953-இல் கென்ட்டில் தலைகாட்டிய மிக்ஸொமட்டோசிஸ் நோய் நாட்டு முயல்களை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. கண் வீங்கிக் குருடாகிச் செத்த அந்த முயல்களைப் பார்த்தவர்கள், ரவை எவ்வளவோ கருணை என்பார்கள். காட்டுப் புறா கடுகுப் பயிரை மேய வரும். அதை எதிரே நின்று மார்பில் சுடக் கூடாது. தொண்டைக்குக் கீழே தீனிப்பை நிறைந்திருந்தால் ரவை அங்கேயே நின்றுவிடும். 1876-இல் செஷயரில் ஒருவர் அழகுக்காக அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாம்பல் அணில், இங்கிலாந்தின் பெரும்பகுதியில் சொந்தச் சிவப்பு அணிலை இல்லாமலே செய்துவிட்டது. குளிர்காலத்தில் தானியக் கொட்டிலில் எலி. அங்கே பத்துக் காலடிதான் தூரம், கல்சுவர் என்றால் ரவை திரும்பி நம் மேலேயே பாயும். நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் எங்கேயும் கால் வைக்க முடியாது. ஸ்காட்லாந்தில் 2016-இன் கடைசி நாளிலிருந்து இந்தச் சாதாரண ரைஃபிளுக்கே சான்றிதழ் வேண்டும்.

இரண்டாவது வருடம் செப்டம்பரில் நான் ஒரு தப்புச் செய்தேன். எனக்குரிய தூரம் அப்போது இருபத்தைந்து. முயல் முப்பத்திரண்டில் இருந்தது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, கிளையை அசைத்துக்கொண்டு பக்கக் காற்று வீசியதையும் பார்த்தேன். சுட்டேன். ரவை பின்னந்தொடையில் பட்டது. முயல் கத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பெரியவர் ஓடிப்போய்ப் பிடித்துக் கையாலேயே முடித்தார். திரும்பி வந்து என் மடியிலிருந்த துப்பாக்கியை எடுத்து உறையில் போட்டார். காருக்குப் போகும்வரை பேசவில்லை. அடுத்த ஏழு சனிக்கிழமை எனக்கு அட்டைகள் மட்டும்தான். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

கிடைத்த முயலை அவர் வயலிலேயே சுத்தம் செய்வார். மூட்டுப் பிரித்து, வெங்காயம், கேரட், ஆப்பிள் மதுவோடு அவர் மனைவி மூன்று மணி நேரம் வேகவைப்பார். நான் ஒருமுறை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாள் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பிய பிறகு நான் எந்தப் பிராணியையும் சுடவில்லை, சுடவும் கூடாது. 20 ஜூலுக்குள் அடங்கும் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கு இங்கே உரிமம் வேண்டாம். ஆனால் காட்டு முயலையும் கௌதாரியையும் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் எனக்கு முழுச் சம்மதம். நம் காடுகளின் ஓரத்தில் முயல் மிஞ்சிப் போகவில்லை. ஏர்கன்னால் சுட்ட ஒரு சிட்டுதான் சலீம் அலியைப் பறவைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிறுவனாக இருந்தபோது தான் சுட்ட சிட்டின் தொண்டையில் மஞ்சள் தீற்றலைக் கண்டு, அது என்ன பறவை என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். சுட்டவன் பக்கத்தில் போய்ப் பார்த்தான். அதனால்தான் அந்த மஞ்சள் தெரிந்தது.

எனக்கு இப்போது மெரினாவின் பலூன் கடை போதும். போன மாதம் ஒரு கடையில் நின்றேன். குழல் தேய்ந்த பழைய துப்பாக்கி. முதல் இரண்டு ரவையைப் பலூன்களை விட்டுவிட்டு, பலகையில் இருந்த ஒரு கறையைப் பார்த்துச் சுட்டேன். "பலூனைப் பார்த்துச் சுடுங்க சார்" என்றார் கடைக்கார அம்மா. இரண்டும் கறைக்கு இரண்டு விரல் இடது பக்கம், ஒரு விரல் கீழே, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்திருந்தன. உள்ளங்கையை மல்லாத்தி, துப்பாக்கியை அதன்மேல் உட்காரவைத்து, மஞ்சள் பலூனுக்கு இரண்டு விரல் வலது பக்கம், ஒரு விரல் மேலே பார்த்தேன். கடற்காற்று கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.