எலக்ட்ரான் துப்பாக்கியின் இன்சுலேட்டர்: இரு மரபுகள், ஓர் இலக்கணம்

துகள் முடுக்கியில் எலக்ட்ரான் கற்றை பிறக்கும் இடம் எலக்ட்ரான் துப்பாக்கி. அதன் டிசி (நேர்திசை மின்னோட்ட) வகையில் கேத்தோடு லட்சக்கணக்கான வோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் நிற்கும். சுற்றியுள்ள எஃகுக் கலமோ தரையோடு இணைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பது அலுமினாப் பீங்கான் இன்சுலேட்டர். லேசர் ஒளி பட்டு எலக்ட்ரான் உமிழும் டிசி துப்பாக்கிகளில் இந்தக் காவலை அமைக்க இரு மரபுகள் உண்டு.

முதலாவது உருளை மரபு. பெரிய பீங்கான் உருளையின் நடுவே ஓர் உலோகத் தண்டு இறங்கி கேத்தோடைத் தாங்கும். தண்டிலிருந்து கசியும் எலக்ட்ரான்கள் பீங்கானில் பாய்ந்து, மின்னூட்டம் தேங்கி, கடைசியில் அதைத் துளைத்துவிடும். இதற்கு ஜப்பானியர் நல்ல விடை கண்டனர்: உருளையைத் துண்டு துண்டாக அடுக்கி, இடையிடையே பொருத்திய உலோக வளையங்களால் பீங்கானை மறைத்தனர். அந்தத் துப்பாக்கி 550 கிலோவோல்ட் வரை படிப்படியாக ஏற்றிப் பதப்படுத்தப்பட்டு, 500 கிலோவோல்ட்டில் 8 மணி நேரம் தாங்கிய செய்தி 2010இல் வெளியானது.

இரண்டாவது தலைகீழ் மரபு. அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் தோன்றி, வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் வளர்ந்தது. இங்கே கூம்பு வடிவப் பீங்கான் கலத்துக்குள் நீண்டு, தானே கேத்தோடைத் தாங்குகிறது. நீண்ட தண்டு இல்லை. எலக்ட்ரான் கசியும் உலோகப் பரப்பும் குறைவு. எக்ஸ்ரே கருவிகளுக்கென உருவான கேபிள் கனெக்டரே இங்கும் உயர் மின்னழுத்தத்தைக் கொண்டுவர உதவுகிறது. அதன் ரப்பர் முனை பீங்கான் குழிக்குள் இறுகப் பொருந்த வேண்டும். இடையில் காற்று நின்றால் அங்கே மின்னிறக்கம் தொடங்கும். அதனால் சிலிக்கோன் கிரீஸ் பூசிச் செருகுவார்கள். மின்னழுத்தம் ஏற ஏற, பீங்கானும் ரப்பரும் தொடும் பரப்பே இம்மரபின் பலவீனமாகிறது. தேங்கும் மின்னூட்டம் மெல்ல வடிய, சிறிதளவு கடத்தும் கறுப்பு அலுமினாவையும் ஜெஃபர்சன் குழுவினர் கையாண்டனர்.

இரு மரபுக்கும் இலக்கணம் ஒன்றே. உலோகம், பீங்கான், வெற்றிடம் மூன்றும் கூடும் முச்சந்தியில் மின்புலம் தணிந்திருக்க வேண்டும். அதற்கென வளைந்த கவச மின்முனை வேண்டும். பீங்கான் நெடுக மின்னழுத்தம் சீராக இறங்க வேண்டும். மின்முனைப் பரப்பில் புலத்தை மீட்டருக்கு 10 மெகாவோல்ட் அளவுக்குள் அடக்க முயல்வது வழக்கம். இயங்கும் மின்னழுத்தத்தைவிட மேலே ஏற்றிப் பதப்படுத்திய பிறகே கற்றை எடுக்க வேண்டும். இல்லையேல், கசியும் எலக்ட்ரான் சுவரில் மோதி வாயுவை வெளியேற்றும். அந்த வாயுவில் உருவாகும் அயனிகள் திரும்பி வந்து கேலியம் ஆர்சனைடு கேத்தோடின் ஆயுளைத் தின்னும்.

எனவே, ஒரு நொடி தொட்ட உச்ச வோல்ட்டை வைத்துத் துப்பாக்கியை எடைபோடக் கூடாது. கசிவின்றி நாள்கணக்கில் உழைப்பதே அதன் தரம். இத்துறைக்கு வரும் இளம் பொறியாளர்களே, பீங்கானின் நீளத்தை முடிவு செய்யும் முன் முச்சந்தியின் புலத்தைக் கணக்கிடுங்கள்.