விலகினாரா, விலக்கப்பட்டாரா?

2021 ஜூன் 27 அன்று புதுச்சேரியில் அமைச்சர்கள் பதவியேற்றதை லாஸ்பேட்டையில் என் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். முதலமைச்சர் ரங்கசாமி ஏற்கெனவே பதவியில் இருந்தார். அன்று உறுதிமொழி எடுத்த ஐந்து பேரில் நான்கு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் நெடுங்காடு தனித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் சந்திர பிரியங்கா. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு புதுச்சேரி அமைச்சரவையில் ஒரு பெண் என்றார்கள். பெண்ணியம் பேசுகிறவள், கவிதை எழுதுகிறவள், கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள் என்ற முறையில் நான் மகிழ்ந்திருக்க வேண்டும். "சந்திரகாசு பொண்ணுதானே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சொன்னது பொய்யில்லை. அவருடைய தந்தை எம். சந்திரகாசு 2011இல் அமைந்த ரங்கசாமி அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். அதே கட்சி, அதே நெடுங்காடு. ஆனால் உண்மையான வாக்கியமும் சில சமயம் தவறான வேலையைச் செய்யும். புதுச்சேரியின் முன்னாள் முதலமைச்சர் வெங்கடசுப்பா ரெட்டியாரின் மகன் வைத்திலிங்கம் 1991இல் முதலமைச்சரானார். 2008இல் மீண்டும் ஆனார். பிறகு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 'ரெட்டியார் பையன்தானே' என்று சொல்லி யாரும் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. மகனுக்கு அப்பா பெயர் முன்னுரையாக இருக்கிறது. மகளுக்கு அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. வாரிசு அரசியலைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. அந்தக் கேள்வி மகள்களிடம் மட்டும் எழுவது ஏன் என்பதுதான் நான் என்னைக் கேட்டுக்கொள்வது.

அவருடைய தேர்தல் வரலாறு சுருக்கமானது. 2016இல் அகில இந்திய என்.ஆர். காங்கிரஸ் சார்பில் நெடுங்காட்டில் முதல் வெற்றி. கட்சி அப்போது எதிர்க்கட்சி. 2021இல் அதே தொகுதியில் இரண்டாவது வெற்றி. இப்போது கட்சி ஆளுங்கட்சி, அவர் அமைச்சர். இரண்டு தேர்தல், இரண்டு வெற்றி. ஓர் ஆண் அரசியல்வாதிக்கு இதை 'தொகுதியைத் தக்கவைத்தார்' என்று எழுதுவார்கள்.

ஆனால் இந்த வரலாற்றைத் தனியாக எடுத்துப் படித்தால் பாதிதான் தெரியும். பக்கத்தில் இருக்கும் வரிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2016இல் புதுச்சேரி சட்டமன்றத்துக்கு நான்கு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நெடுங்காட்டில் சந்திர பிரியங்கா, நெட்டப்பாக்கத்தில் காங்கிரசின் விஜயவேணி, திருபுவனையில் என்.ஆர். காங்கிரசின் கோபிகா, நிரவி திருமலைராயன்பட்டினத்தில் தி.மு.க.வின் கீதா ஆனந்தன். இதில் முதல் மூன்றும் தனித் தொகுதிகள். புதுச்சேரியில் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 30. அவற்றில் தனித் தொகுதிகள் 5. அந்த ஐந்திலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். மீதமுள்ள 25 பொதுத் தொகுதிகளிலிருந்து வந்தவர் ஒரே ஒரு பெண்.

இந்தக் கணக்கை முதலில் பார்த்தபோது இரண்டு முறை சரிபார்த்தேன். பெண்களை உள்ளே அனுப்பியவை பெரும்பாலும் தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதிகள். இதைக் கட்சிகளின் பெருந்தன்மை என்று என்னால் படிக்க முடியவில்லை. பொதுத் தொகுதி என்பது நடைமுறையில் ஆதிக்க சாதி ஆண்களின் வரிசை. அந்த வரிசையில் ஒரு பெண்ணை முன்னே விட்டால் பின்னால் நிற்கும் பத்து ஆண்கள் கோபித்துக்கொள்வார்கள். தனித் தொகுதியில் அந்தப் பத்து ஆண்களுக்கும் நிற்க வழியில்லை. எனவே அங்கே ஒரு பெண் நின்றால் அவர்களுக்கு இழப்பில்லை. இது என் வாசிப்பு. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாய்ப்புக் கிடைத்த இடத்தில் அந்தப் பெண்கள் வென்று காட்டினார்கள். பெண்கள் ஜெயிக்க மாட்டார்கள் என்று மேடைக்குப் பின்னால் சொல்லப்படும் காரணத்துக்கு நெடுங்காடும் நெட்டப்பாக்கமும் திருபுவனையும்தான் பதில்.

2021இல் நான்கு, ஒன்றாகச் சுருங்கியது. 30 பேரில் ஒருவர். புதுச்சேரியின் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பெயர் கொண்ட பட்டியலிலிருந்து ஒரே ஒரு பெண்.

என் தொகுதியைச் சொல்கிறேன். லோ என்ற பிரெஞ்சு ஆளுநரின் பெயரால் அமைந்த பேட்டை எங்களுடையது. 2011இல் வைத்தியநாதன், 2016இல் சிவக்கொழுந்து, 2021இல் மறுபடி வைத்தியநாதன். சிவக்கொழுந்து 2019இல் சபாநாயகரும் ஆனார். வாக்கு எண்ணிக்கை நாளில் எங்கள் பகுதிப் பாலிடெக்னிக் வளாகங்களைச் சுற்றிப் போலீஸ் தடுப்புகள் நிற்கும். பட்டாசுச் சத்தம் கேட்கும். அந்த வளாகங்களில் ஒன்று மகளிர் பாலிடெக்னிக். பெண்கள் படிக்கும் வகுப்பறைகளில் எண்ணி முடித்து, மாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போவது ஆண்களை. இத்தனை வருடம் அதைப் பார்த்தும் எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை.

2023 அக்டோபரில் உறுத்தியது.

அந்த மாதம் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு வினை வகைகளை நடத்திக்கொண்டிருந்தேன். தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டுவினை. சொந்தமாக எடுத்துக்காட்டு சொல்லுங்கள் என்றேன். காரைக்கால் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி எழுந்தாள். "அமைச்சர் விலகினார். அமைச்சர் விலக்கப்பட்டார்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "ரெண்டுல எது சரி, மேம்?" என்று கேட்டாள். இலக்கணப்படி ரெண்டுமே சரி என்றேன். "இலக்கணத்தைக் கேக்கல மேம். நடந்தது எதுன்னு கேட்டேன்."

நடந்தது இது. 2023 அக்டோபர் 10 அன்று சந்திர பிரியங்கா பதவி விலகல் கடிதத்தை வெளியிட்டார். சாதி அடிப்படையிலும் பாலினம் அடிப்படையிலும் தொடர்ந்து தாக்கப்பட்டதாக அதில் சொன்னார். மக்கள் செல்வாக்கு மட்டும் போதாது, சதி அரசியலையும் பணபலத்தையும் எதிர்த்து நிற்பது எளிதல்ல என்று உணர்ந்ததாகச் சொன்னார். காலியாகும் இடத்தைப் பணபலம் உள்ளவர்களுக்குத் தராமல், எண்ணிக்கையில் அதிகம் இருந்தும் இடம் கிடைக்காத சமூகங்களுக்கும் சிறுபான்மையினருக்கும் தர வேண்டும் என்றும் கேட்டார்.

கடிதம் வந்த பிறகு வேறொரு செய்தி வந்தது. அவருடைய செயல்பாட்டில் முதலமைச்சருக்கு ஏற்கெனவே அதிருப்தி இருந்தது, நீக்கச் சொல்லிப் பரிந்துரையும் போயிருந்தது என்று. துணைநிலை ஆளுநராகப் பொறுப்பு வகித்த தமிழிசை சௌந்தரராஜனும் முதலமைச்சரின் அதிருப்தியை வெளிப்படையாகச் சொன்னார். யூனியன் பிரதேசச் சட்டத்தின்படி அமைச்சர்களை நியமிப்பவர் குடியரசுத் தலைவர், முதலமைச்சரின் ஆலோசனைப்படி. எனவே கோப்பு டெல்லிக்குப் போயிற்று. அக்டோபர் 21 அன்று, நீக்கத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அந்தக் குடியரசுத் தலைவரும் ஒரு பெண்.

ஆக, ஒரே நிகழ்வுக்கு இரண்டு வாக்கியங்கள். அவருடைய வாக்கியத்தில் எழுவாய் அவர், வினை தன்வினை, அதற்குக் காரணங்களும் உண்டு. அரசின் வாக்கியத்தில் அவர் வினைக்கு உள்ளானவர். காரணம் 'அதிருப்தி' என்ற ஒரே சொல். இரண்டில் எது முதலில் நடந்தது என்பதைப் பற்றித்தான் எல்லாரும் விவாதித்தார்கள். கோப்பு முந்தியதா, கடிதம் முந்தியதா என்பது தேதி பற்றிய கேள்வி. சாதியும் பாலினமும் காரணம் என்று ஓர் அமைச்சர் எழுத்தில் சொன்னாரே, அது உண்மையா என்பது நீதி பற்றிய கேள்வி. முதல் கேள்வியைப் போட்டு இரண்டாவது கேள்வியை மூடிவிட்டார்கள். வேலையிடத்தில் குற்றம் சொன்ன பெண்ணிடம் 'உன் வேலையே சரியில்லை என்று நாங்கள் முன்பே பேசிக்கொண்டிருந்தோம்' என்று சொல்வது நமக்குப் புதிதல்ல. அலுவலகத்திலும் கல்லூரியிலும் வீட்டிலும் கேட்டிருக்கிறோம். அவருடைய செயல்பாடு உண்மையிலேயே குறைவாக இருந்திருக்கலாம். அப்படி இருந்தாலும் அவர் சொன்ன குற்றச்சாட்டுக்கு அது பதிலாகாது.

கடிதத்தின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அதில் யார் பெயரும் இல்லை. சாதியைச் சொன்னவர் எந்த அறையில், எந்தக் கூட்டத்தில், என்ன நடந்தது என்று சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அமைச்சரவைக்குள் இருந்தவர் விலகும் நாளில்தான் இதைப் பேசினார். தன் துறைகளில் பெண்களுக்காகவும் தலித் மக்களுக்காகவும் என்ன செய்தார் என்ற கணக்கையும் நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் பெயர் சொல்லாத அந்த மௌனத்தை ஒரு பெண்ணாக எனக்குப் படிக்கத் தெரியும். பெயர் சொன்னால் அடுத்த நாள் அதே அவையில், அதே கட்சி வரிசையில் போய் உட்கார வேண்டும். அவர் சட்டமன்ற உறுப்பினர் பதவியை விடவில்லையே. நெடுங்காட்டு மக்கள் தந்ததை வைத்துக்கொண்டார், முதலமைச்சர் தந்ததைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அந்தப் பிரிப்பு பிடித்திருக்கிறது.

இந்தக் கடிதத்துக்கு முன்னும் பின்னும் நாட்காட்டியைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் புதுச்சேரி சட்டமன்றம் சேரவில்லை. அக்டோபரில் புதுச்சேரியின் ஒரே பெண் அமைச்சர் வெளியேறினார். டிசம்பரில் தனி மசோதா மூலம் புதுச்சேரிக்கும் ஒதுக்கீடு நீட்டிக்கப்பட்டது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிய வேண்டும், தொகுதி மறுவரையறை முடிய வேண்டும், அதன் பிறகுதான் நடைமுறை. பத்து இடங்கள் வரும் என்று காகிதம் சொல்கிறது. இருந்த ஓர் இடம் போன அதே பருவத்தில் இந்தக் காகிதம் வந்தது.

ஒதுக்கீடு வரும்வரை செய்ய முடிந்ததைச் செய்தார்களா? புதுச்சேரியில் தேர்தலே இல்லாமல் நிரப்பப்படும் நியமன இடங்கள் மூன்று. அங்கே பணபலம் தேவையில்லை, வாக்காளரின் மனநிலையைக் காரணம் காட்டவும் முடியாது. 2017இல் மூன்று பேரை நியமித்தார்கள். 2021இல் மூன்று பேர். 2025இல் மூன்று பேர். ஒரு பெண்கூட இல்லை. 'பெண்கள் ஜெயிக்க மாட்டார்கள்' என்ற சமாதானத்தை இனி யார் சொன்னாலும் இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

உள்ளாட்சி இன்னொரு வாசல். புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. 2021இல் அறிவித்தும் நடக்கவில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் சட்டப்படி உண்டு. கவுன்சிலராகி, தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் சண்டை போட்டுப் பழகி, பெயர் வாங்கி, சட்டமன்றத்துக்கு நிற்கும் பெண் அந்தப் படிக்கட்டில்தான் உருவாவாள். படிக்கட்டை எடுத்துவிட்டு, மாடிக்கு வந்தவர்கள் எல்லாம் அப்பா கையைப் பிடித்து வந்தவர்கள் என்று குறை சொல்கிறோம். நானும் சொன்னேன்.

டெல்லி அனுப்பும் பெண்களுக்கு மட்டும் புதுச்சேரியில் என்றும் இடமுண்டு. சந்திராவதி, ராஜேந்திர குமாரி பாஜ்பாய், ரஜனி ராய், கிரண் பேடி, தமிழிசை என ஐந்து பெண்கள் துணைநிலை ஆளுநர் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். மக்களவைக்குப் புதுச்சேரியிலிருந்து இதுவரை ஒரு பெண்கூடத் தேர்வாகவில்லை. மாநில அமைச்சர் என்றால் 1980களின் தொடக்கத்தில் காங்கிரசின் ரேணுகா அப்பாதுரை, பிறகு சந்திர பிரியங்கா. மேலிருந்து நியமிக்கப்படும் பெண்ணுக்கு இந்த ஊர் ஆண்கள் வணக்கம் சொல்கிறார்கள். கீழிருந்து ஓட்டு வாங்கி வரும் பெண்ணுக்கு, அதுவும் தலித் பெண்ணுக்கு, நாற்காலி தர யோசிக்கிறார்கள்.

காலியான அமைச்சர் பதவிக்கு 2024 மார்ச் 14 அன்று காரைக்கால் வடக்கு உறுப்பினர் திருமுருகன் வந்தார். அமைச்சரவை முழுக்க ஆண்களுடையதாயிற்று. 2025 ஜூனில் இன்னொரு தனித் தொகுதியான ஊசுடுவின் உறுப்பினர் சாய் ஜெ. சரவணன்குமாரும் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். செய்தித்தாள்களில் எழுதப்படாத ஒரு சொல் உண்டு: 'ஆண் அமைச்சரவை'. அமைச்சர் என்பது தமிழில் பால் காட்டாத சொல். ஆனாலும் 'பெண் அமைச்சர்' என்று எழுதுகிறோம். 'ஆண் அமைச்சர்' என்று யாரும் எழுதுவதில்லை. எது இயல்பு, எது விதிவிலக்கு என்று மொழி நமக்குத் தினமும் பாடம் நடத்துகிறது.

அந்த மாணவிக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பாடம் முடியவில்லை என்று சொல்லித் தப்பித்தேன். அவள் ஊருக்குப் போகும் வழி எனக்குத் தெரியும். கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டைக் கடந்துதான் காரைக்காலுக்குப் போக முடியும். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பெண் இங்கே வந்து அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தது அவளுக்கு என்னவாக இருந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் கேட்டேன். "எங்க ஊர்ப் பேரை டிவியில சொன்னாங்க மேம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நெடுங்காட்டுக்காரர்கள் அவரை இரண்டு முறை தேர்ந்தெடுத்தார்கள். அந்த வினைக்கு எழுவாய் அவர்கள். சட்டமன்ற உறுப்பினரை மாற்றும் உரிமையும் அவர்களுடையது. வாக்குச்சீட்டில் அதைச் செய்தால் நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் ஒரு பெண் காரணம் சொல்லி எழுதிய 'விலகினேன்' என்ற தன்வினையைக் கோப்பில் செயப்பாட்டுவினையாக மாற்றி, அவள் சொன்ன காரணத்தையும் வாக்கியத்திலிருந்து எடுத்துவிடும் உரிமை யாருக்கும் இல்லை. மாணவியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: அவரை விலக்கவும் பார்த்தார்கள், அவர் விலகவும் செய்தார். அவர் எழுதியதை நாம் அவர் எழுதியபடியே படிக்க வேண்டும். 2021 ஜூனில் நான் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன்.